கால் சுற்று

ஒட்டுசுட்டான் சந்திக்குக் கிழக்கே
தகரக் கொட்டிலில்
பரஞ்சோதியின் உழவு மெசினை
மூன்று நாளாகக் கழற்றிப் போட்டிருக்கிறேன்.
இரண்டு சிலிண்டர்.
சேற்றில் படுத்த எருமைகள் போலப்
பக்கத்துப் பக்கம்.

வாங்கப் போகிறவர் கண்டியில்.
பழசு சேர்க்கிற ஆள்.
ஊர்வலத்தில் ஓட்ட வேண்டுமாம்,
இழுவை குறையக் கூடாதாம்,
எல்லாம் வந்தபடியே இருக்க வேண்டுமாம்.

இடது பிளக் கரி.
வலது பிளக் சுண்ணாம்பு.
ஒருத்தி தின்று கொழுக்க மற்றவள் பட்டினி;
ஒரே காபரேற்றர், ஒரே வீடு.

கழற்றுமுன் ஓடவிட்டு
காற்றுக் குழாய்ப் பொருத்தில்
சிரிஞ்சால் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டேன்.
சத்தம் சட்டென நிமிர்ந்தது.
அங்கேதான் களவாகப் புகுகிறது காற்று.
திறந்தால் கஸ்கட் இல்லை,
மா வந்த பெட்டியின் மட்டையை
யாரோ அளவாக வெட்டி வைத்திருக்கிறார்.
நிவாரண முத்திரையின் அரை எழுத்து
இன்னும் நீலம்.

ஜெற்றை வெயிலுக்குப் பிடித்தேன்.
துளை வட்டமில்லை.
தையல் ஊசியைத் தீட்டி
திருகித் திருகி அகட்டிய துளை.
பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காத வருசங்களில்
மண்ணெண்ணெய் குடிக்கப் பழக்கியிருக்கிறார்கள்.
தலையைத் தூக்கினால்
கஸ்கட்டின் மேல் கஸ்கட்:
அழுத்தம் குறைந்தால்தான் மண்ணெண்ணெய் தட்டாது.
சூடு ஆறாமல் ரேடியேற்றரை மூடிய சாக்கின் கயிறு
முடிச்சு அவிழாமலே கிடக்கிறது.
செய்தவன் யாரோ,
கை தெரிந்த கை.

அகட்டிய துளையைச் சிறிதாக்க ஏலாது.
ஈயம் உருக்கி அடைத்து
மயிர் அளவாய் மறுபடி துளைத்தேன்.

கடைசியாகக் காற்று வடி.
எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்து அடியைச் சுரண்டினேன்.
மேலே கிறவல் தூசி, தெரிந்த சிவப்பு.
அதன் கீழே வயல் களி.
அதற்கும் கீழே
மினுங்குகிற வெள்ளை மணல்.
இந்தப் பக்கத்து மண் இல்லை அது.

பரஞ்சோதி எட்டிப் பார்த்தார்.
"பெட்டியில பதினேழு பேர்,
ஒரு தையல் மெசின், ஒரு ஆடு" என்றார்.
பிறகு, "ஆடு வழியில இறங்கிற்றுது."
மற்றவர்களைப் பற்றி நான் கேட்கவில்லை.
நாங்கள் போனது வேறு பெட்டியில்.

போன் அடித்தது.
"மெக்கானிக்கிட்ட குடுங்க."
நான்தான் என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"ஜெற் ஒரிஜினலா?"
இல்லை.
"அப்ப ஒரு லட்சம் குறையும்."
பரஞ்சோதி தலையை ஆட்டினார்,
ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாத ஆட்டல்.

எனக்கு வலது காது கேளாது.
திருகாணிச் சாவியின் பிடியைப் பல்லில் கடித்து
நுனியை எஞ்சினில் ஊன்றி
எலும்பால் கேட்பேன்.
சக்கரத்தைச் சுழற்றினார் பரஞ்சோதி.
ஒரு இருமல், நீலப் புகை,
இன்னொரு இருமல், பிறகு பிடித்தது.
கால் சுற்று உள்ளே: மூச்சு முட்டியது.
கால் சுற்று வெளியே: கரகரத்தது.
இரண்டுக்கும் நடுவே
எறும்பு ஒரு எட்டு வைக்கிற தூரத்தில்
பல்லுக்குள் கனிந்தது சத்தம்.

டப்டப்… டப்டப்…
"ஒண்ணு வேலை செய்யல்லையா?"
போன் இன்னும் வைக்கவில்லை போலும்.
இரண்டும் செய்யுது, ஐயா.
இது இப்பிடித்தான் நடக்கும்.

சவர்க்காரத் தூளில் கை கழுவினேன்.
பால்மா டின் மூடியில் ஒதுக்கி வைத்த மணலை
அவர் எடுக்கவும் இல்லை,
கொட்டச் சொல்லவும் இல்லை.
எஞ்சினை நிறுத்த மறந்து நின்றோம்.
மூடிக்குள் அது
இரண்டிரண்டாய்த் துள்ளிக்கொண்டிருந்தது.